உடம்பு சிவந்த வண்ணத்துப்பூச்சி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் அங்கே குளிருக்குத் தக்கபடி போர்த்திக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மருந்தைவிட என்னைத் திட்டினால்தான் அவளுக்குக் கொஞ்சம் குறைகிறது. துணிக்கடையில் வியாபாரம் மந்தம், அதை விடு, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காட்டில் அந்த வண்ணத்துப்பூச்சி ஒன்றாவது உயிரோடு இருக்கிறது என்று காட்டினால் காட்டை வெட்டிப் போடப்போகிற சாலை வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். தினமும் கடை திறக்குமுன் போய்ப் பார்த்தேன்.

நீ சொன்ன அடையாளமெல்லாம் எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. கறுப்பு இறக்கை, பின் இறக்கையில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள், இவ்வளவும் அசலுக்கும் உண்டு, அதைப் போல வேஷம் போடுகிற இன்னொன்றுக்கும் உண்டு. அசலுக்கு உடம்பே சிவப்பு, போலிக்குக் கறுப்பு. அசல் கசக்கும், பறவை தொடாது, அதனால் அவசரமில்லாமல் மிதந்து போகும். போலி அந்தப் பேரை வைத்துப் பிழைக்கிறது, நம் கடைத்தெருவில் நடக்காததா! நான் கண்டதெல்லாம் கறுப்பு உடம்புதான் கண்ணு. உன் மாமா ஒருநாள் கூட வந்து, "அதிகாரி என்ன வயித்தையா பாக்கப்போறாரு, கொஞ்சம் செவப்புச் சாயத்தைத் தொட்டு வச்சு ஒரு படம் எடுத்துருங்க மச்சான்" என்றான். "உன்னைக் கல்லாவுல உக்காத்தி வைக்காதது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நேற்றுப் பார்த்ததுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. ஒரு கரிச்சான் குருவி அந்தப் போலியைக் கொஞ்சமும் யோசிக்காமல் கொத்தித் தின்றது, திரும்பி வந்து இன்னொன்றையும் எடுத்தது. அசலைத் தின்று ஒருதரம் வாய் கசந்த பறவை அந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்கும் என்று நீதானே எழுதினாய். அசல் சரக்கு புழங்குகிறவரைதான் போலிக்கும் மரியாதை. இங்குள்ள குருவிகளுக்குக் கசப்பென்றால் என்னவென்றே தெரியவில்லை கண்ணு, அப்படியென்றால் அசல் இங்கிருந்து அழிந்து போய் வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். "இன்னும் தேடிட்டிருக்கேன்னு எழுதுங்களேன், பிள்ளை மனசு உடைஞ்சிடும்" என்றாள் அம்மா. எனக்கு அப்படி எழுத வரவில்லை. மரம் வெட்டுகிற இயந்திரங்கள் தெருமுனையில் வந்து நிற்கின்றன.

எங்கே இருந்தாலும் நீ நல்லாயிரு, தொட்டதெல்லாம் துலங்கட்டும். விடுப்புக்கு வருகிறபோது கனத்த கம்பளி எதுவும் தூக்கிக்கொண்டு வராதே, இங்கே வெயில் கொளுத்துகிறது. உன் அறையின் பின்பக்கச் சன்னலுக்குத் திரை தைக்கக் கொடுத்திருக்கிறேன், வெளிச்சம் ஊடுருவாத துணியாகப் பார்த்து நானே கிழித்துக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா