பூசணி கேக்கில் பால் இல்லை

செவ்வாய்க் கிரகம், வடபள்ளத்தாக்கு நிலையம்
எழுதுவது: ரெஜினா கொரேரா, தாவரப் பிரிவு

இலையுதிர்காலம், நாள் 61. 06:40

காற்றழுத்தம் சரி. குடிநீர் சரி. பசுமைக்கூடத்தில் மஞ்சள் பூசணி மூன்று பழுத்திருக்கின்றன. சர்க்கரைவள்ளி ஒரு கூடை தேறும். இதை வாசிக்கப்போகும் புண்ணியவானுக்கு ஒரு தகவல்: இங்கே இலையுதிர்காலத்தில் இலை எதுவும் உதிராது. தூசிதான் எழும். நேற்று எழுந்துவிட்டது. சூரியத் தகடுகள் பாதி மின்சாரம்தான் தருகின்றன. நிலையத்தில் நான் ஒருத்தி மட்டும். அது வழக்கம்தான்.

நாள் 63. 11:15

சரக்குக் கப்பல் மேலே சுற்றுப்பாதைக்கு வந்துவிட்டது. ஓட்டி வருபவன் கிளாட்வின், எங்கள் தூத்துக்குடிப் பையன். தூசி அடங்கும்வரை இறங்க முடியாது. அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். கப்பல் என் தலைக்கு மேல் வரும்போது மட்டும் சில நிமிடம் பேசலாம்.

“யக்கா, வழியில குளிர்பெட்டி படுத்துட்டு. எனக்குன்னு கொண்டாந்த சாப்பாடு பூராவும் நாறிப்போச்சு. ஊசி மருந்தும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. இப்ப கெடக்கிறது ரொட்டியும் பால்பொடியுந்தான்.”

கோதுமை அவன் குடலுக்கு ஆகாது. பால் அதைவிட மோசம்: ஒரு துளி உள்ளே போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதற்குத்தான் அந்த ஊசி. ஒரு கப்பல் நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறான்.

நாள் 64. 09:05

உட்கார முடியவில்லை. அறைக்கு அறை நடக்கிறேன். பசுமைக்கூடத்துக்குப் போகிறேன், பூசணியைத் தட்டிப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன்.

கல் மாதிரிகளை மேலே அனுப்பும் சின்ன ராக்கெட் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. இந்தத் தடவை கல்லுக்குப் பதில் கேக் போகட்டும். தலைமையகம் திட்டினால் திட்டட்டும்.

“இனிப்பா ஏதாச்சும் அனுப்புங்கக்கா. வாய் செத்துக் கெடக்கு.”

இனிப்பு நல்லதுதான். சின்னப் பெட்டியில் நிறையத் தெம்பு அடங்கும்.

நாள் 65. 14:30

ஓவன், கரண்டி, கலக்கும் பாத்திரம் எல்லாவற்றையும் தேய் தேய் என்று தேய்த்தாயிற்று. கோதுமை மாவு டப்பாவை வெளிவாசல் அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

முதல் கேக் தோல்வி. அரிசி மாவு, மரவள்ளி மாவு, பூசணி விழுது, கருப்பட்டி, சுக்கு. தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. இந்தக் கிரகத்தின் இலையுதிர்காலத்தில் உதிர்ந்த ஒரே பொருள் அதுதான். முட்டை இருந்தால் எங்கள் ஊர் மக்ரூனைப் போட்டு வேலையை முடித்திருப்பேன். இங்கே கோழிக்கு எங்கே போக?

ஓவன் ஓடும்போது சூடேற்றியை அணைக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் மின்சாரம் போதவில்லை. கம்பளியோடு நின்று மாவு பிசைகிறேன்.

நாள் 66. 10:20

பிடிபட்டுவிட்டது! மாவில் பாதியைக் கொழுக்கட்டைக்குக் கிளறுகிற மாதிரி வெந்நீரில் கிளறிக்கொண்டு, மீதியைத் தேங்காய்ப்பாலில் கரைத்துச் சேர்த்தேன். தட்டைத் தடவி ஊற்றி வேகவைத்தேன். வில்லை வில்லையாக வெட்ட வருகிறது. சர்க்கரைவள்ளியிலும் ஒரு தட்டு போட்டேன். ஓரத்துண்டு ஒன்றைத் தின்று பார்த்தேன். அனுப்பவே மனசு வரவில்லை.

நாள் 66. 12:50

பொருட்பட்டியலைக் கப்பலுக்கு அனுப்பினேன். கப்பலின் மருத்துவ இயந்திரம் பதில் சொன்னது:

“பட்டியலில் பால் உள்ளது. அனுமதி இல்லை.”

தேங்காய்ப்பாலாம்! எந்தத் தேங்காயைக் கட்டிப்போட்டு எந்த மடியில் கறந்தார்கள் என்று கேட்டேன். அதையே திரும்பச் சொன்னது. கத்தினேன். கிளாட்வின் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தான்.

“விடுங்கக்கா, அதுக்குத் தேங்காயும் தெரியாது, மாடும் தெரியாது. நானே திருத்திப் போட்டுடுதேன்.”

திருத்தினான். இயந்திரம் ஒப்புக்கொண்டது: “பால் இல்லை.”

நாள் 66. 15:35

ராக்கெட் கிளம்பிவிட்டது. போய்ச் சேர நாளை முற்பகல் ஆகிவிடும். பல மாதத்துக்குப் பிறகு இன்று சந்தோஷமாக இருக்கிறேன். பாட்டுக்கூடப் பாடினேன்.

நாள் 67. 07:10

தட்டுகளைக் கழுவ எடுத்தேன். தட்டின் ஓரத்தில் நெய் வாசனை.

ஒட்டாமல் வர நான் தடவியது நெய். வீட்டிலிருந்து கொண்டுவந்த என் சொந்தச் சீசா. யோசித்துச் செய்யவில்லை, கை பாட்டுக்கு எடுத்தது, தடவியது. பட்டியல் எழுதும்போதும் நினைவுக்கு வரவில்லை. தட்டுக்குத் தடவுவதை யார் பட்டியலில் எழுதுவார்கள்? தேங்காய்ப்பாலுக்காக ஓர் இயந்திரத்தோடு மல்லுக்கு நின்றேனே, நெய் எதிலிருந்து வருகிறது என்று நினைத்துப் பார்த்தேனா?

ராக்கெட்டைத் திருப்ப வழியில்லை. அவன் திறப்பதற்குள் சொல்லியாக வேண்டும்.

நாள் 67. 09:40

கப்பல் வந்தது, போனது. அவன் குரல் கேட்கிறது. என் குரல் போகவில்லை.

“யக்கா, கேக்குதா? ஒண்ணுமே கேக்கல. பெட்டி பக்கத்துல வந்துட்டு.”

குரலை அனுப்பும் ஏரியல் திரும்பாமல் தூசியில் இறுகிவிட்டது. வெளியே போய்த் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மூடுகிறது. அடுத்த சுற்றுக்குள் முடித்தாக வேண்டும். பயமாக இருக்கிறது.

நாள் 67. 11:38

சூடேற்றியை நிறுத்திவிட்டேன். விளக்குகளையும். எல்லா மின்சாரமும் ரேடியோவுக்கு. கப்பல் அடிவானத்துக்கு மேலே வந்ததிலிருந்து ஒரே வார்த்தைதான்: சாப்பிடாதே, சாப்பிடாதே, கிளாட்வின், சாப்பிடாதே.

“யக்கா, பெட்டியத் தெறந்துட்டேன். நீங்க பேசுறது கேக்கல, நான் பேசுறது கேட்டுச்சுன்னா கேளுங்க. நெய் வாசம் அடிக்குக்கா! சின்னப்புள்ளயில அடுத்த வீட்டுல அல்வா கிண்டும்போது சன்னல்ல நின்னு மோந்து பாப்பேன், அந்த வாசம். வெறும் தேங்காய்ப்பால வச்சு எப்படிக்கா கொண்டாந்தீங்க? வேற யாரு தந்தாலும் தொட மாட்டேன். நீங்க செஞ்சதாச்சே. இந்தா, மொத வாய்...”

கப்பல் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது.

நாள் 67. 12:20

விரல் விறைத்துவிட்டது. எழுத்துப் பிழை இருக்கும். ஒரு வாய்தான். ஓரத்தில் இல்லாத துண்டாக இருக்கலாம். நடுத்துண்டை எடுத்திருப்பான். அடிப்பாகம் எல்லாத் துண்டுக்கும் உண்டு

நாள் 67. 13:37

மறுபடி வெளியே போய்த் துடைத்தேன். ஏரியல் அசைகிறது. பச்சை விளக்கு. இப்போது என் குரல் போகிறது. கூப்பிட்டேன். மறுபடியும். மறுபடியும் கூப்பிட்டேன்

“வடபள்ளத்தாக்கு நிலையம், உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது. கப்பலோட்டி அழைப்புக்குப் பதில் தரவில்லை. கடைசி உணவு சரிபார்க்கப்பட்டது. கோதுமை இல்லை. பால் இல்லை. கவலை வேண்டாம்.”