வேலிக்கு அப்பால் பறித்த இலை

மகளின் வாப்பாவுக்கு,

ஸலாம். பக்கத்துத் தோட்டத்து அலவி நானா மீது பொலிசுக்குப் போகவேண்டாம். “அவன்ட தோட்டத்தாலதான் நோய் வந்த” என்று போனில் கத்தினீர்கள். நீங்கள் அனுப்பிய இலைகளில் இருந்த நோயின் மரபணுவை இங்கே ஆய்வுகூடத்தில் நானே பார்த்தேன். அவருடைய மிளகாயில் இருப்பது வேறு பங்கசு, வேறு வகைப் பூஞ்சை.

நம்முடைய மிளகாயில் இருப்பதும், நீங்கள் சேர்த்து அனுப்பிய நாயுருவிக் களையின் இலையில் இருப்பதும் ஒன்று.

அந்த நாயுருவியை எங்கே பறித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் வேலிக்கு அப்பால் மையவாடி, மகளை அடக்கிய இடம். பச்சை இருந்தால் அது பிள்ளைக்காக அல்லாஹ்வை நினைத்து திக்ர் செய்யும் என்று, அவளுடைய கப்றில் ஒரு புல்லையும் பிடுங்கவிடாதவர் நீங்கள்.

அந்த நாயுருவியைப் பிடுங்காவிட்டால் அடுத்த போகத்து மிளகாயும் போகும். கூலிக்கு ஆள் விடாதீர்கள். வெள்ளிக்கிழமை வருகிறேன். பெண்கள் மையவாடிக்குள் வருவதில்லை. நான் வேலியோடு நிற்கிறேன். நீங்கள் பிடுங்கி என் கையில் தாருங்கள்.

மகளின் உம்மா
வெள்ளவத்தை