கடற்கரையில் பத்து நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று எப்போதும் போல முதல் வரியில் எழுதிவிட்டேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்பது அடுத்த வரியாக வர வேண்டும், அந்த வரிக்காகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன், வரவில்லை. போன் இருக்கிற காலத்தில் இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் போனை எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், மாடிக்குப் போய்ப் பேசினால் என்ன ரகசியம் என்பாள். வெளியிலிருந்து கூப்பிடலாம்தான், ஆனால் நீ அழுதால் எனக்கு வாய் எழும்பாது, பாதியில் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். குட்டியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி.

நான் இருப்பது ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி, டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே தரையோடு திருகி வைத்த இரும்பு நாற்காலி. கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறாள், இடது கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் மெஷின். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், பதினான்கு மாதமாக இது நடக்கிறது. அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன மகளே. உனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஆரம்பித்தது, அந்த நேரத்தில் சொன்னால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று சொல்லவில்லை. குழந்தை பிறக்கட்டும் என்று இருந்தோம், பிறந்தது, பச்சை உடம்புக்காரியிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தோம், அப்புறம் சொல்லத் தோதான நாள் என்று ஒன்று வரவே இல்லை. பிரசவத்துக்கு அம்மா வரவில்லை என்று நீ மூன்று மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, முழங்கால் வலிக்காகப் பெற்ற பெண்ணை விட்டுவிட்டாளே என்று கேட்டாய். அவளுக்கு முழங்காலில் ஒரு கோளாறும் கிடையாது. நீ கேட்டதை எல்லாம் வாங்கிக்கொண்டு, திட்டினாலும் குரல் கேட்டதே என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது, சொல்லாதே என்று முதலில் சொன்னவன் நான்தான்.

செவ்வாய், வியாழன், சனி நீ கூப்பிட்டால் எடுக்க மாட்டோம், கேட்டால் ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டம் என்பேன். எந்தச் சங்கம் வாரத்துக்கு மூன்று நாள் கூடும், நீயும் கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று என்று நானும் இருந்தேன். வீடியோவில் அவள் தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்குமே, இப்போதுதான் குளித்தேன் என்பாளே, அது அந்தக் கையை மறைக்கத்தான். தினம் குடிக்கிற தண்ணீர், டீ எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன், மத்தியானத்துக்குள் கோட்டுக்குக் கீழே போய்விட்டால் நாக்கைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உப்பில்லை, காய்கறியை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும், சக்கைக்கு என்ன ருசி இருக்கும். வெளியில் எடை ஐம்பத்தெட்டு, உள்ளே போய் வந்தால் ஐம்பத்தைந்தரை. சரி, இதெல்லாம் பின்னணி, விஷயம் இனிமேல்தான்.

ஜனவரியில் நீதான் சொன்னாய், எல்லோரும் பத்து நாள் ஒரு கடற்கரையில் போய்க் கிடப்போம், வெயில் இருக்கிற இடமாகப் பாருங்கள் அப்பா, ஓட்டமில்லாமல் நிதானமாக இருக்க வேண்டும் என்று. முப்பத்திரண்டு வருஷம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவனிடம் சொன்னால் சும்மா இருப்பேனா. நீங்கள் வந்திறங்கும் ஐந்தாம் தேதியிலிருந்து தொடங்கி உடனே ஒரு பட்டியல் போட்டேன். எந்த ரயில், எந்தப் பெட்டி, நிலையத்திலிருந்து தங்கும் வீட்டுக்கு எத்தனை நிமிஷம், வீட்டிலிருந்து மணலுக்கு எத்தனை நிமிஷம், குட்டி தூங்கும் நேரம், வெயில் தாழும் நேரம். கீழ்த்தளத்தில் இரண்டு அறை பிடித்தேன், ஜன்னலைத் திறந்தால் கடல், வாசலில் மூன்றே படி. நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை யாரும் எதுவும் செய்யக்கூடாது என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன், சும்மா இருக்கவும் இந்த ஆள் நேரம் குறிச்சிருக்காரு பாரு என்று அம்மா சிரித்தாள். அவ்வளவு சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது, அதனால் இன்னும் ரெண்டு கட்டம் கூடப் போட்டேன்.

உனக்கு அனுப்பிய பட்டியலில் இல்லாத ஒரு பத்தி எங்கள் பட்டியலில் உண்டு. அந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் ஐந்து மெஷின் இருக்கிறது. வெளியூர் நோயாளிக்கு லேசில் இடம் தர மாட்டார்கள், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், கடைசி மூன்று தடவையின் குறிப்புத்தாள், இங்கே டாக்டரின் கடிதம், எல்லாம் அனுப்பி மூன்று வாரம் நடையாய் நடந்து நாலு நாளுக்கு இடம் வாங்கினேன். நீங்கள் எல்லாம் எழுந்திருப்பதற்குள் காலை ஆறு மணிக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, நடந்துவிட்டு அப்படியே கோயிலுக்கும் போயிருந்தோம் என்று சொல்லிவிடலாம் என்பது என் ஏற்பாடு. டெப்போப் பழக்கம், ஆஸ்பத்திரி போன் நம்பரையும் பதிவு எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன், எனக்கு ஏதாவது என்றாலும் அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏனென்றால் நேற்று, திங்கட்கிழமை பத்து மணிக்கு, பால் வாங்கப் போகிற வழியில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். புக் செய்ததோடு விடாமல் மறுபடி ஒரு தடவை கேட்டு உறுதி செய்வது என் வழக்கம். எடுத்த பெண், என்ன சார், உங்க வீட்டம்மாவே போன் பண்ணி நாலு நாளும் வேண்டாம்னு சொல்லி ரெண்டு வாரம் ஆச்சே, உங்ககிட்ட சொல்லலையா என்றாள். பால் பூத் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். நாலு நாளும் ஆறு மணிக்கு ஒரு டயாலிசிஸ் நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறது, வெள்ளி வரைக்கும் உங்களுக்காகப் பிடிச்சு வைக்கிறேன் சார் என்று அந்தப் பெண்ணே பாவப்பட்டுச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன். தலையைத் தூக்காமல், ஆமா நான்தான் சொன்னேன் என்றாள். அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்குப் போதுங்க, அந்தப் பத்து நாளும் ஊசி வேண்டாம், மெஷின் வேண்டாம், அந்தப் பாட்டிலும் வேண்டாம், ஒரு முழு டம்ளர் ஐஸ் தண்ணிய நீங்க முறைக்காம நான் குடிக்கணும், மணல்ல உக்காரணும், பேரப்பிள்ளைய மடியில போட்டுக்கணும், அதுக்கப்புறம் என்ன ஆகுதோ ஆகட்டும் என்றாள். என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், நானும் இன்று காலை டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், நிறுத்தினால் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் ரெண்டு வாரம் என்றார், அது அவங்க முடிவு, ஆனா வீட்டுல எல்லாரும் உக்காந்து பேசுங்க என்றார். எல்லாரும் என்றால் யார், நானும் அவளும் நீயும்தானே. போன புதன்கிழமை நீ ஆபீஸில் லீவு சிக்கல், டிசம்பருக்குத் தள்ளிக்கலாமா என்று கேட்டபோது, அதுக்கென்ன, தாராளமா வாங்க என்று முகம் மாறாமல் சொன்னாளே, நீ போனை வைத்ததும் நாம ரெண்டு பேரும் அஞ்சாம் தேதியே போயிடுவோம்ங்க என்றாள். எனக்கு அன்று புரியவில்லை, ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன்.

ஆகையால் விமான டிக்கெட்டை மாற்றாதே. மாதக் கடைசியில்தான் மாற்றப் போவதாகச் சொன்னாய், அதற்குள் இந்தக் கடிதம் வந்துவிடும். முடிந்தால் ஐந்தாம் தேதி வரைக்கும்கூடக் காத்திருக்காமல் உடனே புறப்பட்டு வா. நீ வந்து கெஞ்சினால் கேட்பாள், நான் சொல்லி அவள் கேட்ட சரித்திரம் கிடையாது. உள்ளே மெஷின் கத்துகிறது, முடிந்துவிட்டது போல, நர்ஸ் கூப்பிடுகிறாள். பஞ்சை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அது என் வேலை.

இன்று வியாழக்கிழமை, அதே நாற்காலி. செவ்வாயன்று எழுதிய தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவன் எடுக்க மறந்துவிட்டேன், நேற்று துணி ஊறவைக்கும்போது அம்மா கையில் கிடைத்திருக்கிறது. முழுக்கப் படித்துவிட்டு, மடித்து மேஜை மேல் வைத்திருந்தாள். இன்று காலை ஆட்டோவில் வரும்போதுதான் வாயைத் திறந்தாள். ஊர்ல இல்லாத அதிசயமா என் எடையெல்லாம் எதுக்கு எழுதியிருக்கீங்க என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு, எழுதினது எழுதிட்டீங்க, இதையும் சேர்த்து எழுதுங்க, அவ வந்து சேர்ற வரைக்கும் ஒரு நாள் விடாம ஊசி போட்டுக்கிறேன், அவளைப் பாக்காமப் போக மாட்டேன், ஆனா அவ வந்ததுக்கப்புறம் என்னை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடக் கூடாது, அவளும் கேக்கக் கூடாது என்றாள். கேட்கக் கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா. நீ டிசம்பரில் வந்தால் டிசம்பர் வரைக்கும் இவள் மெஷினில் உட்காருவாள் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷம் என்று நீ சொன்னால் அடுத்த வருஷம் வரைக்கும் உட்காருவாள். உன்னை வராதே என்று எழுதிவிடலாம், அவள் இருப்பாள். அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள், அதையும் யோசிச்சிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள், கோபமில்லாமல் கேட்டாள், ஆட்டோ நிற்கும் வரை என் கையை விடவில்லை. அவளுடைய அந்த இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி தடித்துக் கிடக்கிறது, உள்ளே ரத்தம் ஓடுகிற அதிர்வு என் விரலில் தெரிந்தது. முதலில் உன் வயிற்றுப் பிள்ளைக்காக உட்கார்ந்தாள், அப்புறம் எனக்காக, இப்போது உன்னைப் பார்ப்பதற்காக. இன்னும் எத்தனை நாள் அவளைப் பிடித்து உட்கார வைப்பது, எனக்கு வெட்கமாக இருந்தது மகளே.

சற்று முன் அந்த ஊர் ஆஸ்பத்திரிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். பிடித்து வைத்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். நல்லா யோசிச்சிட்டீங்களா சார் என்று கேட்டாள், யோசித்துவிட்டேன் என்றேன். மேலே உடனே வா, கெஞ்சு என்று எழுதியிருப்பதை அடிக்கவில்லை, அன்றைக்கு அது உண்மை. இன்றைக்கு நான் சொல்வது, முன்னாலும் வராதே, பின்னாலும் தள்ளாதே, ஐந்தாம் தேதி காலையில் வா. நாலாம் தேதி சனிக்கிழமை, அன்று இங்கே அவளுக்குக் கடைசித் தடவை. ஐந்தாம் தேதி மத்தியான ரயிலில் எல்லோரும் சேர்ந்து புறப்படுகிறோம்.

அழுவதென்றால் அங்கேயே அழுதுவிட்டு வா. பிரசவச் சமாச்சாரத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆரம்பிக்காதே, அவளுக்கு அது பிடிக்காது, குட்டியை அவள் மடியில் போட்டுவிடு, போதும். மாப்பிள்ளையிடம் பொறுமையாக எடுத்துச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேண்டுதல் இல்லை. கடற்கரையில் வெயில் கடுமையாம், குட்டிக்குத் தொப்பி மறக்காதே. உங்கள் விமானம் இறங்கும் நேரத்துக்கு நான் மட்டும் விமான நிலையத்துக்கு வருகிறேன், அம்மா வீட்டு வாசலில் நிற்பாள். உன்னைக் கண்டதும் அவளுக்கு முகம் மலரும். அவள் இருப்பாளோ மாட்டாளோ என்று தவித்துக் காத்திருந்தவன் நான், மெஷினை விட்டுவிட்ட அவள் சிரித்துக்கொண்டு வாசலில் நிற்பதைப் பார்க்க எனக்குத்தான் அன்று பயமாக இருக்கும், நீ என் பக்கத்தில் நின்றுகொள்.

இப்படிக்கு,
உன் அப்பா