கேரவன் கூரையில் நீங்கள் வைத்த குழாய்

அக்கா,

இன்று காலை பின்கட்டில் குழாய் மாற்ற ஆள் வந்திருந்தார். பிளாஸ்டிக் குழாயை ஒட்டுகிற பசை டப்பாவை அவர் திறந்ததும் அந்த நெடி சமையலறை வரை வந்தது. மற்றவர்களுக்குத் தலைவலி கொடுக்கும் நெடி. எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பேச வேண்டியது நிறைய மிச்சம் இருக்கிறது.

அண்ணனை நீங்களும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு ஆரணியில் ஒரே வீட்டுக்கு வந்தோம். ஓரகத்திகள் என்றால் சண்டை என்றுதான் ஊர் எதிர்பார்க்கும். நாமும் போடாமல் இல்லை. துணிக்கொடியில் யார் துணிக்கு இடம் என்பதற்கே இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். ஆனால் நம் வீட்டு வியாபாரத்துக்காகக் கண்காட்சிக்குப் பட்டுப் புடவை எடுத்துக்கொண்டு வெளியூர் போனால் ஸ்டாலில் நம் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ளவே வேண்டாம். நீங்கள் விலை சொல்வீர்கள். நான் புடவையைத் தோளில் போட்டு முந்தானையை விரித்துக் காட்டுவேன்.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு எனக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போயிற்று. அதை யாரிடம் சொல்வது? முட்டி வலி என்று சொல்லி வெளியூர் போவதை நிறுத்திக்கொண்டேன். ஒருமுறை தவிர்க்க முடியாத கல்யாணத்துக்காக வேலூர் போனபோது, முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து, கிருமி தொற்றிக் காய்ச்சலில் படுத்தேன். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கேட்டீர்கள்.

"முட்டி வலின்னு சொன்ன. டாக்டரு வேற இன்னாமோ சொல்றாரு. எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

அழுதுகொண்டே சொன்னேன். நீங்கள் ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இதுக்கா இத்தினி நாளு பேஜார் பட்டுகினு இருந்த? கக்கூசையே கூட எடுத்துகினு போனா ஆச்சு" என்றீர்கள்.

விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் வீட்டுக்காரரிடம் பேச்சை ஆரம்பித்துவிட்டீர்கள். மாமா பழைய வேனை விற்றுவிட்டுப் புதிது வாங்க இருந்தார். அதை விற்க வேண்டாம், உள்ளே சின்னதாக ஒரு கழிவறை வைத்துக் கேரவனாக மாற்றலாம் என்றீர்கள். "கேரவன் சினிமாக்காரங்க மட்டும்தான் வெச்சிக்கணுமா?" மாமா சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. "எனக்கு வயசாகுது. கண்ட எடத்துல என்னால உக்கார முடியல. இது இல்லன்னா நான் எந்த ஊருக்கும் வரமாட்டேன்." என் பெயர் அந்தப் பேச்சில் ஒரு இடத்திலும் வரவில்லை. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், அக்கா.

முதல் பயணம் சேலம் கண்காட்சிக்கு. மாமா ஓட்டினார், என் வீட்டுக்காரர் பக்கத்தில். பின்னால் நாம் இருவரும், அலமாரி நிறைய முகூர்த்தப் புடவைகளும், மூலையில் அந்தச் சின்ன அறையும். தரைக்குக் கீழே இரண்டு தொட்டிகள். ஒன்று கழிவறைக்கு, இன்னொன்று கை கழுவுகிற தண்ணீருக்கு. போளூர் தாண்டி நான் அந்த அறைக்குள் போய்விட்டு வெளியே வந்தேன். கொஞ்ச நேரத்தில் வண்டி முழுக்க நாற்றம்.

"இன்னா இது, இப்பிடி நாறுது!" என்றார் மாமா. என் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். காற்றோட்டத்துக்கு என்று கூரையில் இருந்த மின்விசிறியை நான் போட்டேன். இன்னும் மோசமாயிற்று. வண்டியை ஓரம் கட்டினார்கள். என் வீட்டுக்காரர் ஒரு புடவைப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, சட்டென்று மூடினார். ஒரு பெண் தாலி கட்டிக்கொள்ளும்போது உடுத்த வேண்டிய பட்டு அது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என்னை இங்கியே எறக்கி விட்டுடுங்க. நான் பஸ்ல வீட்டுக்குப் போயிடறேன்" என்றேன்.

"நீ ஒக்காரு" என்றீர்கள் என்னிடம். மாமாவிடம், "வண்டிய திருப்புங்க. களம்பூர் போலாம்."

களம்பூரில் உங்கள் அண்ணன் வேலை பார்த்த அரிசி ஆலையின் முற்றத்தில் வண்டி நின்றது. ஏணி கேட்டு வாங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீங்களே கூரைமேல் ஏறினீர்கள். மூட்டை தூக்குகிறவர்கள், லாரி டிரைவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மேலே இருந்து உங்கள் குரல் வந்தது.

"தொட்டியிலருந்து காத்து வெளிய வர்ற பைப்பு எங்க? இங்க ஒண்ணுமே இல்லியே!"

ஆலையின் ஃபிட்டர் உள்ளே நுழைந்து பலகையைக் கழற்றிப் பார்த்தார். வண்டியைக் கட்டியவர்கள், கூரையில் இன்னொரு துளை போட்டால் மழை ஒழுகும் என்று நினைத்து, காற்றுக் குழாயைக் கூரைத் தகட்டுக்குக் கீழேயே முடித்துவிட்டிருந்தார்கள். தொட்டியின் காற்று முழுக்க வண்டிக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. விசிறியைப் போட்டதும் அது தொட்டிக் காற்றை இன்னும் வேகமாக உள்ளே இழுத்தது.

நீங்கள் இறங்கி வந்தீர்கள். முதலில் மாமாவிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்: "நாத்தம் உன்னுது இல்லம்மா. பைப்புது."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

ஃபிட்டர் கூரையை அறுத்து, குழாயை மேலே ஏற்றி, மழைக்கு ஒரு மூடியும் குளவி கூடு கட்டாமல் இருக்க ஒரு வலையும் வைத்து ஒட்டினார். நீங்கள் பக்கத்தில் நின்று பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குள் உங்கள் அண்ணன் வீட்டு மாடி அறையில் கயிறு கட்டி, புடவைகளை எல்லாம் பிரித்துத் தொங்கவிட்டோம். மாலையில் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தீர்கள். "இது ஆச்சு. இது இன்னும் தொங்கட்டும்." மறுநாள் காலை கிளம்பி, கண்காட்சிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். ஆனால் வண்டிக்குள் பட்டு வாசனைதான் இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நான் ஒரு மயில்கழுத்து நிறப் புடவையைத் தோளில் விரித்தேன். "இதுதான்மா வேணும்" என்றாள் வாங்க வந்த மணப்பெண்.

திரும்பி வரும்போது தொட்டி நிறைந்திருந்தது. ஒரு ஏரிக்கரையில் மாமா வண்டியை மெதுவாக்கினார். "ஆளே இல்ல. இங்க தொறந்து விட்டுட்டா ஜல்தியா வேலை முடிஞ்சுது."

"இந்தத் தண்ணியிலதான யாரோ நாத்து நடப் போறாங்க? நம்மளுத அவங்க காலுல கொட்டறதா? வீட்டுக்கு ஓட்டுங்க."

வீட்டில், ஆள் யாரையாவது கூப்பிடலாமா என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். "எதுக்கு ஆளு? நம்ம வீட்டுது, நாமளே ஊத்தலாம்" என்று கையுறை மாட்டிக்கொண்டீர்கள். வண்டியிலிருந்து நம் வீட்டுக் கழிவுத் தொட்டிக்கு ஹோஸ் போட்டு, முதலில் கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தீர்கள். அது வடிந்த பிறகு கை கழுவிய தண்ணீரை விட்டீர்கள், ஹோஸ் அலசிக்கொள்ளட்டும் என்று. கடைசியில் காலித் தொட்டியில் ஒரு வாளி நல்ல தண்ணீர். நான் ஓடி வந்து உங்கள் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தேன். "நீ அந்த முனையப் புடி, போதும்" என்றீர்கள். குளிக்காமல் பூஜை அறைப் பக்கம்கூடப் போகாத நீங்கள், என்னுடையது என்று தெரிந்தே முகம் சுளிக்காமல் செய்தீர்கள். பிறகு குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினீர்கள். அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பெற்ற தாய் செய்வாள் என்பார்கள். எனக்கு நீங்கள் செய்தீர்கள்.

அந்த வண்டியில் எத்தனை ஊர் போயிருப்போம்! உங்கள் நெஞ்சுவலிக்கு முந்தைய மாதம்கூட மதுரைக்குப் போய்வந்தோம்.

காரியம் எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, மாமா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "வண்டிய குடுத்துடலாம்னு பாக்கறேன். அவளுக்காகத்தான வெச்சிருந்தோம். அவளே இல்ல."

தலையாட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"விக்காதீங்க மாமா. அது எனக்கு வேணும். ஆபரேஷனுக்கு அப்பறம் என்னால ஒண்ணுக்கு அடக்க முடியல. எனக்காகத்தான் அக்கா கேட்டாங்க. எம் பேர சொல்லாம தனக்குன்னு சொல்லிகினு இருந்தாங்க."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தினி வருசம் கூட இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அவ" என்றார். பிறகு எழுந்து வாசலில் நின்ற வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்தார். "டயரு நாலும் தேஞ்சு கெடக்குதும்மா. மாத்திடலாம்."

மாற்றிவிட்டார், அக்கா. அடுத்த வாரம் கோயம்புத்தூர் போகிறோம். தொட்டிக் கழிவை ஊற்றுகிற வேலையை இப்போது நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து செய்கிறோம். போன கண்காட்சியில் பக்கத்து ஸ்டால் பெண் ஒருத்தி காலையிலிருந்து நெளிந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். அவள் கையைப் பிடித்து எழுப்பி, வண்டிச் சாவியைக் கொடுத்து, "கூச்சப்படாம போய்ட்டு வா, உன் கடைய நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் திரும்பி வரும்வரை அவளுடைய புடவைகளுக்கும் நானே விலை சொன்னேன்.