சான்றிதழ் வயது நாற்பத்தொன்பது

நாள் 1. காலை 06:10
எடை 100. நாடித் துடிப்பு 84. உணவுப் பொட்டலம் 2.

இந்த நோட்டு யார் கையில் கிடைக்கிறதோ அவருக்கு வணக்கம். என் பெயர் தாரணி. ஊர் திருப்பூர். இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்தேன். இப்போது பயிற்சிக் கலன் 17இல் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். நாலு ஆட்டோவை ஒட்டவைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவுதான் இந்தக் கலன். வானத்தில் கட்டியிருக்கும் அடிப்படைப் பயிற்சி முகாமைச் சுற்றி, நீளமான கம்பியின் நுனியில் இது சுழல்கிறது. வேகத்தைக் கூட்டினால் உள்ளே இருப்பவருக்கு எடை கூடும். ஊரில் எடை 100 என்றால் முகாமில் 120. அதாவது அறுபது கிலோ தாரணி அங்கே எழுபத்திரண்டு கிலோ தாரணி.

நாற்பத்தைந்தைத் தாண்டிப் படையில் சேருகிறவர்களை நேராக முகாமுக்குள் விடுவதில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஓடவிட்டால் முதல் வாரமே முழங்கால் கழன்றுவிடுமாம். அதனால் நாற்பது நாள் இப்படி ஒற்றையாக அடைத்துத் தேற்றுகிறார்கள். கதவு நாற்பதாம் நாள்தான் திறக்கும். மனசு கெட்டுப்போகாமல் இருக்க தினமும் எழுதச் சொல்லி நோட்டும் பென்சிலும் டாக்டர் கொடுத்தார்.

நாள் 4. மாலை 17:30
எடை 104. துடிப்பு ஓடும்போது 158.

உடம்பில் வலிக்காத இடம் காது மட்டும்தான். இந்த வயசு வரைக்கும் நான் ஓடியதென்றால் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடியதுதான். தண்டால் மூன்று எடுத்தேன். நாலாவதில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டேன்.

எனக்குப் பயிற்சி தருவது ஓர் இயந்திரம். பெயர் பயிற்றி. சுவரிலிருந்து பேசும். பாடப்புத்தகம் மாதிரிப் பேசும். "வீராங்கனை தாரணி, படுத்திருப்பது பட்டியலில் இல்லை" என்றது. பேசுவதெல்லாம் அதன் காதில் விழும். வெளியிலிருந்து வரும் செய்திகளையும் அது கேட்ட பிறகுதான் நான் கேட்பேன். என் கையெழுத்தை மட்டும் அதனால் படிக்க முடியவில்லை. என் மகனாலேயே முடியாது.

நாள் 5. காலை 11:00
எடை 105.

ஏன் சேர்ந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு ஒருவர் படையில் இருக்கவேண்டும் என்பது சட்டம். என் வீட்டுக்காரர் போனார். ஏழு வருடமாகக் காணாமல் போனவர் பட்டியலில் இருக்கிறார். காணாமல் போனவர் பணியில் இருப்பவர் ஆகமாட்டார், ஆகவே உங்கள் வீட்டு இடம் காலி என்று கடிதம் வந்தது. மிச்சம் இருப்பது நானும் மகன் கவினும். அவனுக்குப் பத்தொன்பது. ஐம்பது நிறையாத பெற்றோரோ உடன்பிறந்தவரோ ஒருவருக்குப் பதிலாகச் சேரலாம் என்று கடிதத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. அடுத்த நாளே போய்க் கையெழுத்துப் போட்டேன். நான் தோற்றால் அவன் பெயர் தானாக மேலே வரும். அவ்வளவுதான் கதை.

நாள் 9. மாலை 16:15
எடை 108. தண்டால் 9.

தினமும் கால் மணி நேரம் பக்கத்துக் கலனோடு பேச அனுமதி. கலன் 18இல் இருப்பவர் சந்தியாகு. தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்த்தவர். நாற்பத்தெட்டு வயது. தம்பிக்குப் பதிலாக வந்திருக்கிறார்.

"தாரணிக்கா, இன்னும் உசுரோடதான் இருக்கியளா? எனக்கு முட்டி கெடந்து கெறுகெறுங்குது. எஞ்சினா இருந்தா கழட்டி கிரீஸ் போட்டுருவேன். இத என்ன செய்ய?"

சிரித்ததில் வயிற்றுத் தசை வலித்தது. ஆனாலும் சிரித்தேன்.

நாள் 14. மாலை 17:00
எடை 112. தண்டால் 22. துடிப்பு ஓடும்போது 149.

இருபத்திரண்டு! இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்கிறது. சந்தியாகுவிடம் சொன்னேன். அவர் பன்னிரண்டுதானாம், கடுப்பாகிவிட்டார்.

நாள் 19. காலை 10:20
எடை 114. துடிப்பு 80.

இன்று ஆகஸ்ட் 23. ஊரிலிருந்து இருபது நாளுக்கு ஒருமுறை குரல் செய்தி வரும். கவின் பேசியிருந்தான்.

"அம்மா, பொறந்தநாள் வாழ்த்தும்மா! அம்பத்தொண்ணு ஆயிப்போச்சு உனக்கு. அம்பத்தொரு வயசுல எங்கம்மா தண்டால் எடுக்குதுன்னா பக்கத்து ஊட்டக்கா நம்பவே மாட்டேங்குது. நான் நல்லா இருக்கறேன். ஒழுங்காச் சாப்புடும்மா."

இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் அவன் சொன்ன வயசு எனக்கு உறைத்தது. எனக்கு முன்னால் பயிற்றியும் இதைக் கேட்டிருக்கும்.

விவரம் இதுதான். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா என் வயதில் இரண்டு வருடத்தைக் குறைத்துப் போட்டார். சர்க்கார் வேலை கிடைத்தால் இரண்டு வருடம் கூடுதலாக உத்தியோகம் பார்க்கலாமே என்ற கணக்கு. தேதியும் ஜூன் ஒன்று. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஜூன் ஒன்றில்தான் பிறந்திருக்கிறோம். எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் சான்றிதழ் வயது ஒன்று சொல்வார்கள், நிஜ வயது ஒன்று சொல்வார்கள். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. விண்ணப்பத்தில் நாற்பத்தொன்பது என்று எழுதும்போது எனக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை. பையனுக்குச் சொல்லிவைக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

நாள் 20. காலை 06:05

பயிற்றி: "வீராங்கனை தாரணி, உங்கள் பிறந்த தேதியைச் சொல்லவும்."

சான்றிதழில் இருப்பதைச் சொன்னேன்.

"நேற்றைய செய்தி வேறு தேதியும் வேறு வயதும் சொல்கிறது. இரண்டில் ஒன்று தவறு. ஐயம் தீரும்வரை வெளித்தொடர்பு ஒருவழி மட்டும். நாற்பதாம் நாளிலும் ஐயம் இருந்தால் கதவு திறக்காது."

ஒருவழி என்றால் எனக்குச் செய்தி வரும், நான் அனுப்ப முடியாது. பக்கத்துக் கலனுக்கும் இனிப் பேச முடியாது, கேட்க மட்டும் செய்யலாம். பையன் விளையாட்டுக்குச் சொன்னான் என்று சொல்லிப் பார்த்தேன். "விளையாட்டு என்ற வகை பதிவேட்டில் இல்லை."

நாள் 21. மாலை 15:40
எடை 118.

வழி இரண்டு. எனக்கு ஐம்பத்தொன்று என்று வாயால் ஒப்புக்கொண்டால் போதும், கலனை அவிழ்த்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கே கவின் பெயர் மேலே வரும். இல்லையென்றால் உடல்வழிச் சோதனை. பயிற்றி விளக்கியதை அப்படியே எழுதுகிறேன்.

"இதயத்தின் உச்சத் துடிப்பு, இருநூற்றிருபதில் வயதைக் கழித்தால் வருவது. ஐம்பத்தொரு வயது இதயம் 169ஐத் தாண்டாது. நாற்பத்தொன்பது வயது இதயம் 171ஐ எட்டும். உங்கள் இதயம் 171இல் ஒரு நிமிடம் நின்றால் பதிவேடு சரி."

அப்பா குறைத்தது இரண்டு வருடம். அது கேட்பது இரண்டு துடிப்பு. துடிப்பு ஏறும்வரை எடையையும் ஏற்றிக்கொண்டே போகுமாம். சோதனைக்குச் சரி என்றேன்.

நாள் 24. காலை 09:00
எடை 124. உச்சத் துடிப்பு 163.

சந்தியாகுவின் முட்டி போய்விட்டது. ஓடும் பட்டையிலேயே விழுந்திருக்கிறார். கடைசியாக அவர் குரல் வந்தது.

"அக்கா, என்னைய ஊருக்கு அனுப்புதாவ. தம்பி பேரு வந்துட்டு. சின்னப் பயக்கா அவன், கடல்ல எறங்கவே பயப்படுவான். நீங்க விட்டுராதிய. கேக்குதாக்கா? விட்டுராதிய."

கேட்டது. பதில் சொல்லத்தான் வழியில்லை. சுவரைக் கையால் அடித்தேன். இரண்டு கலனுக்கும் நடுவில் காற்றே கிடையாது என்று பிறகுதான் நினைவு வந்தது.

நாள் 28. மாலை 17:20
எடை 135. உச்சத் துடிப்பு 166.

எடை 135இல் ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்குவதே வேலைதான். கன்னம் கீழே தொங்குவதைக் கையால் தடவிப் பார்த்தால் தெரிகிறது. ஓடும் பட்டை, உணவுப் பெட்டி, படுக்கை. எழுந்தால் இந்த மூன்றுக்கும் நடுவில் நாலு எட்டுதான். திரும்பினால் மறுபடி நாலு எட்டு. கம்பெனியிலும் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் சாயங்காலம் மணி அடித்தால் கதவு திறக்கும்.

நாள் 31. காலை 10:10
எடை 140. உச்சத் துடிப்பு 168.

மார்பின் இடது பக்கம் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. பயிற்றி கேட்டது: "நிறுத்தவேண்டுமா? வயதை ஒப்புக்கொண்டால் எடை உடனே 100 ஆகும்."

எடை நூறு. அந்த வார்த்தையைக் கேட்டதும் வாய் திறந்துவிட்டது. நிஜமாகவே சொல்லப் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். என்மேல் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

நாள் 34. மாலை 16:30
எடை 145. உச்சத் துடிப்பு 169.

மூன்று நாளாக 169. அதற்குமேல் ஒரு துடிப்பு ஏறவில்லை. இந்தப் பாழாய்ப்போன இதயத்துக்கு மட்டும் என் நிஜ வயது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நாள் 36. காலை 08:50
எடை 145. காய்ச்சல்.

உடம்பு காய்கிறது. படுத்துக் கிடக்கும்போதே துடிப்பு 104. கவின் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் அவன் நெஞ்சு குருவி மாதிரி அடித்துக்கொள்ளும். பிள்ளை பெற்றவள் எவளுக்கும் அது தெரியும், காய்ச்சலில் துடிப்பு ஏறும். பயிற்றியிடம் காய்ச்சல் என்று சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடப் போகிறேன்.

நாள் 36. காலை 11:30

நூற்றெழுபத்துநாலு.

ஒன்றரை நிமிடம் நின்றது. நூற்றெழுபத்துநாலு! பயிற்றி சொன்னது: "பதிவேடு சரி. உடல் வயது 46. ஐயம் தீர்ந்தது, வீராங்கனை தாரணி." அதன் பிறகும் ஏதோ வாசித்துக்கொண்டே போனது. நான் மூலையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை. தரையில் கிடந்தபடி சிரித்தேன். கவின், நீ போகவேண்டியதில்லை. உன் அம்மா ஜெயித்துவிட்டாள்.

நாள் 39. காலை 10:00
எடை 120.

கவின் செய்தி.

"அம்மா, எனக்கு ஒரு லெட்டர் வந்துருக்குது. படையில இருக்கறவங்களப் பத்திப் பொய்த் தகவல் குடுத்தேன்னு போட்டிருக்குது. உன்னைய வெளிய எடுக்கறதுக்காக நான் வயசைக் கூட்டிச் சொன்னனாமா. தண்டனைன்னு முன்வரிசைக்கு எடுத்திருக்கறாங்க. பயிற்சியே இல்லியாமா, நேராப் போகோணுமாமா. வியாழக்கிழமை காலையில கப்பல். நான் என்னம்மா பொய் சொன்னேன்? உனக்கு அம்பத்தொண்ணுதானம்மா?"

நாள் 39. காலை 10:40

சொல்லிவிட்டேன். எனக்கு ஐம்பத்தொன்று. உரக்கச் சொன்னேன். பையன் சொன்னதுதான் உண்மை, பொய் சொன்னது நான், காய்ச்சலோடு ஓடி ஏமாற்றியதும் நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"உடல் சான்று இறுதியானது. ஐயம் முடித்துவைக்கப்பட்டது."

ஊருக்குப் பேச விடச் சொன்னேன், ஒருவழி அடைத்தது அடைத்ததுதானாம். முகாமில் மனிதர்கள் இருப்பார்களே, அவர்களிடம் சொல்வேன் என்றேன்.

"சொல்லலாம். அவர்கள் சரிபார்க்க என்னிடம்தான் கேட்பார்கள். முகாமிலும் பயிற்றி நான்தான்."

நாள் 39. மாலை 17:50

தொண்டை போய்விட்டது. முப்பத்தொன்றாம் நாளே வயதை ஒப்புக்கொண்டு தோற்றிருந்தால்கூட அவன் எல்லாரையும் போல நாலு மாதம் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் போயிருப்பான். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பதென்றாவது தெரிந்திருக்கும். அந்த வழியை அடைத்தது நான்தான். நூற்றெழுபத்துநாலு என்று குதித்தவளும் நான்தான்.

மறுபடி ஓடினேன். துடிப்பு ஏறாமல் இருக்க மூச்சை அடக்கி, பாதியில் விழுந்து, கிழவி மாதிரி முனகிக் காட்டினேன். பயிற்றி எண்ணைச் சொல்லவில்லை. "பயிற்சி முடிந்துவிட்டது. ஓய்வெடுக்கவும்" என்றது.

நாள் 40. காலை 09:25

கலன் முகாமோடு ஒட்டிவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. சின்னப் பிள்ளைகள் சிரிக்கிற சத்தமும் கேட்கிறது.

பயிற்றி: "வாழ்த்துகள், வீராங்கனை தாரணி. உங்கள் பிரிவில் மூத்தவர்களில் நீங்களே முதலிடம். நோட்டை ஒப்படைக்கவும்."

தொலைந்துவிட்டது என்று சொன்னேன். உணவுப் பெட்டிக்குப் பின்னால் செருகப் போகிறேன். அடுத்து இந்தக் கலனில் அடைபடுகிறவரே, உங்களுக்கு இது கிடைக்கும். வெளியில் பேச உங்களுக்கு வழி இருக்கும்போதே பேசிவிடுங்கள். பயிற்றியிடம் வேண்டாம், ஒரு மனிதரிடம். நான் பிறந்தது ஆகஸ்ட் 23. ஜூன் ஒன்று இல்லை. எனக்கு ஐம்பத்தொரு வயது. என் மகன் பெயர் கவின், திருப்பூர், அவன் பொய் சொல்லவில்லை. கப்பல் வியாழக்கிழமை காலை, எந்த வியாழன் என்று இது சொல்ல மாட்டேன் என்கிறது, தயவுசெய்து வியாழனுக்கு முன்னால்