வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

நிவாஷினியின் அப்பாவுக்கு,

இங்கே லாபிஸில் காட்டுத்தீப் புகைமூட்டம் மோசமாகி, பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துண்டு செருகியிருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு இழுப்பு வந்துவிடும் என்று, வாசலுக்குப் போனாலும் மாஸ்க் போடச் சொல்கிறேன். திட்டிக்கொண்டே போடுகிறார்கள்.

இரண்டு தீபாவளிக்கு நீங்கள் வராததைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. கேட்பவர்களிடம், சிங்கப்பூரில் வேலை அதிகம் என்று நான்தான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி வேண்டாம் என்றேன்.

"வெளிய இருக்கிற பொக போதாதா அத்தை?"

"அது காடு எரியிற பொக. இது சாமிப் பொக. இத நிறுத்துனா எம் மவன் எப்படி வீட்டுக்கு வருவான்?"

நான் குளிக்கப் போன நேரம், அடைத்த அறைக்குள்ளேயே போட்டுவிட்டார்கள். வந்து பார்த்தால் மூச்சுக்குத் திணறுகிறார்கள். தூபக்காலை மட்டும் விடவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், தன் காரில் கிளினிக்குக் கொண்டுபோனார். இப்போது நன்றாக இருக்கிறார்கள். பயப்பட வேண்டாம்.

அன்றைக்கு எனக்குக் கோபம் அடங்கவில்லை. "மனசு இருந்தா வருவாங்க, பொகைய பாத்தா வருவாங்க?" என்று கத்திவிட்டேன். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

நேற்று நல்ல மழை. வானம் தெரிந்தது. அத்தையை மக்சிக் வீட்டில் உட்காரவைத்துவிட்டு, எல்லா ஜன்னல்களையும் திறந்து, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். அலமாரியைத் திறந்து உங்கள் சட்டைகளுக்கும் காட்டினேன்.

புகை போன பிறகுதான் அத்தையை அழைத்துவந்தேன். வாசலிலேயே நின்று மோந்து பார்த்தார்கள்.

உங்கள் வீட்டில்தான் இருக்கும்,
நான்.