மாணிக்கம் இல்லாத மோதிரம்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மாடியில் போட்ட துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை. லேபில் கூட்டம். எல்லாம் காய்ச்சல் கேஸ். தென்னூர்க் கொசுவுக்கு மட்டும் லீவே கிடையாது.

காங்கயத்துக் கல் புரோக்கர் அனுப்பிய பார்சல் வந்தது. அயோலைட், மிளகு அளவு. ஒரு பக்கம் பார்த்தால் ஊதா, திருப்பினால் வெறும் தண்ணீர் நிறம். நான் கல் சேர்த்து வைக்கும் மாத்திரை டப்பாக்களில் இது நாற்பத்திரண்டாவது. இவர் எட்டிப் பார்த்து, "இன்னொரு கூழாங்கல்லா?" என்றார். இருபது வருடமாக இதே ஜோக். புடவைப் பைத்தியம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் இவருடைய அக்கா வீட்டில் வளைகாப்பு. அக்கா மகன் பிரபுவின் மனைவி கவிதாவுக்கு ஏழாம் மாதம். அரை நாள் லீவாவது சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அண்ணி ஒரு வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவார். மாமியார் இல்லாத குறையைத் தீர்த்து வைத்தவர்.

வாங்க: கண்ணாடி வளையல் 4 டஜன் (பச்சை, சிவப்பு). பூ 10 முழம். சந்தனம். இவர் சட்டை இஸ்திரி. கேஸ் புக்கிங்.

நவம்பர் 7, வெள்ளி

வளைகாப்பு கா. 10 மணி. மழை இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். பாலத்துக்குக் கீழே காவிரி நிறையத் தண்ணீர், டீ நிறத்தில்.

கவிதா அழகாக இருந்தாள். முகம் மட்டும் கொஞ்சம் வீக்கம். கையில் அந்தச் சிவப்புக் கல் மோதிரம். அண்ணியின் மாமனார் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது. கல்யாணத்தன்று அண்ணி மருமகளுக்குப் போட்டார். விரல் வீங்கி மோதிரம் ஏறாததால், கவிதாவின் அப்பா காட்டூரில் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து, வளையத்தைத் தளர்த்தி வாங்கி வந்திருக்கிறார்.

வந்தவர்களிடமெல்லாம் அண்ணி, "அசல் மாணிக்கம். எங்க மாமனார் கொண்டாந்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு அம்மாள் என் பக்கம் திரும்பி, "நீதான் கல்லெல்லாம் பாப்பியாமே. பாத்துச் சொல்லேன்" என்றாள். கைப்பையில் டைக்ரோஸ்கோப் எப்போதும் இருக்கும். விரல் நீளக் குழாய். மாணிக்கத்தை அதில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விதச் சிவப்பு தெரியும். இதில் ஒன்றுதான்.

"அண்ணி, இது மாணிக்கமே இல்ல! ஸ்பினெல்!" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

பாராட்டாகத்தான் சொன்னேன். கல் சேர்ப்பவர்களுக்கு மாணிக்கம் எந்தக் கடையிலும் கிடைப்பது. இந்த அளவில், இப்படி ஒரு சிவப்பில் இயற்கையான ஸ்பினெல் என்றால் வருடக்கணக்கில் தேடுவோம். ஆனால் நவரத்தினத்தில் அதற்குப் பேர் இல்லையே. அந்தக் கூடத்தில் மாணிக்கம் இல்லை என்றால் போலி. வளையல் அடுக்கிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. விளக்கம் சொல்லச் சொல்ல மோசமானது.

புளியோதரை நன்றாக இருந்தது. சாப்பிட முடியவில்லை.

சாயங்காலம் கவிதாவை வழக்கப்படி தாய் வீட்டுக்குக் காட்டூர் அனுப்பினார்கள். கிளம்பும்முன் அண்ணி அவள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டார். வாய் தவறிச் சொன்னது இவ்வளவு தூரம் போகுமென்று நினைக்கவில்லை.

நவம்பர் 8, சனி

காலை ஏழு மணிக்கே அண்ணி போன். ஸ்பீக்கரில் போட்டேன், இவரும் கேட்டார்.

"மூணு நாள் காட்டூர்ல இருந்துச்சு அந்த மோதிரம். அங்கதான் கல்லை மாத்திட்டாங்க. வேற எங்க மாறும்?"

"அண்ணி, யாரும் மாத்தல. இது மாணிக்கத்தவிட அபூர்வமான கல்லு."

"அபூர்வம்னா எதுக்கு நகைக்கடையில ஒருத்தனும் அந்தப் பேரே சொல்றதில்ல? நீ நல்லவ, மூடி மறைக்கிற."

நான் நல்லவளாம்.

முடிவாகச் சொல்லிவிட்டார். அசல் கல் திரும்பி வரும்வரை பிரபு காட்டூர் பக்கம் போகக் கூடாது. பிரசவம் முடிந்து அவள் ஸ்ரீரங்கம் திரும்புவதும் அதைப் பார்த்துத்தான். பிரபு தாய் சொல்லைத் தட்டாதவன். அதுதான் பயம்.

பால் 2 பாக்கெட். தோசை மாவு புளித்துவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

வெள்ளிக்கிழமை இதில் எழுதியது பொய். யாரும் படிக்காத நோட்டில் எதற்குப் பொய்? தெரியவில்லை.

அந்தக் கல் ஸ்பினெல் என்று எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். பிரபுவுக்குப் பெண் பார்ப்பதற்கு முன்பே தெரியும்.

அப்போது அண்ணிக்குப் பித்தப்பை ஆபரேஷன். நர்ஸ் நகையெல்லாம் கழற்றச் சொன்னாள். தோடு, செயின், மோதிரம் எல்லாவற்றையும் கர்ச்சீப்பில் முடிந்து என் கையில் கொடுத்தார். "உன்கிட்ட இருந்தா எனக்குப் பயமில்ல சாந்தி." பிளாஸ்க் எடுத்துவர வீட்டுக்கு வந்தேன். பிளாஸ்க்கை எடுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மோதிரத்தைச் சோதித்தேன். ஒளியை வடிகட்டும் போலரைஸிங் தாள் இரண்டுக்கு நடுவில் வைத்துச் சுழற்றினேன். மாணிக்கம் என்றால் இருண்டு இருண்டு வெளிச்சமாகும், இது இருட்டாகவே இருந்தது. புற ஊதா டார்ச்சில் தணல் போலச் சிவந்தது. லென்ஸில் உள்ளே வரிசை வரிசையாக எள் போல எட்டுமுகப் பொடிப் படிகங்கள். இயற்கைக் கல். அது பாய்ச்சிய சிவப்பைப் பார்த்துக்கொண்டே பேனாவைத் தேடினேன்.

எல்லாவற்றையும் கல் நோட்டில் பதினேழாம் பக்கத்தில் எழுதினேன். தேதி, அளவு, பொடி வரிசையின் படம். கீழே அந்தக் கல் எனக்கு வேண்டும் என்றும் எழுதினேன். அதை எழுதியிருக்கும் விதம் நல்ல விதமில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

வளைகாப்பன்று டைக்ரோஸ்கோப் எடுத்ததே நாடகம். மாணிக்கம் இல்லை என்று தெரிந்தால் அண்ணிக்கு அதன் மேல் பிடிப்பு விட்டுப்போகும், என் பக்கம் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். காட்டூர் ஆசாரி எனக்கு ஞாபகமே வரவில்லை. எனக்குக் கல் ஞாபகம் மட்டும்தான்.

அந்த ஒரு பக்கத்தைக் காட்டினால் கவிதா பேரில் பழி நிற்காது. காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. அண்ணி குடையோடு வீட்டுக்கே வந்தார். காபி குடித்தார். முந்தானையிலிருந்து மோதிரத்தை அவிழ்த்து மேஜையில் வைத்தார்.

"இந்தப் போலியக் கண்ணாலயே பாக்கப் பிடிக்கல. நீயே வச்சுக்க. உன் டப்பாவுல ஒரு சின்ன மாணிக்கம் இருக்குல்ல, அதக் குடு. அத வச்சு வேற மோதிரம் பண்ணிக்கிறேன். காட்டூர்க்காரங்ககிட்டருந்து வர வேண்டியத நான் தனியா வாங்கிக்கிறேன்."

இரண்டு வருடம் ஆசைப்பட்டது எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறது. வேண்டாம் என்று சொன்னேனா? இல்லை. "யோசிச்சுச் சொல்றேன் அண்ணி" என்றேன். அவர் மோதிரத்தை விட்டுவிட்டே போய்விட்டார். நானும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

மழை விட்டதும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மேகத்து வெளிச்சத்தில் இன்னும் நன்றாக இருக்கிறது. என் மேலேயே எனக்கு அருவருப்பு. ஆனாலும் பத்து நிமிடம் பார்த்தேன்.

நவம்பர் 13, வியாழன்

கவிதா அவள் அம்மாவோடு லேபுக்கு வந்தாள். ஏழாம் மாத ரத்தப் பரிசோதனை, சுகர், ஹீமோகுளோபின். வேறு ஆள் இல்லை, நான்தான் எடுக்க வேண்டும். கை நிறையக் கண்ணாடி வளையல். மேலே தள்ளிவிட்டு நரம்பு தேடினேன். முதல் குத்தில் கிடைக்கவில்லை. பதினெட்டு வருட சர்வீஸில் எனக்குக் கை தவறியது குறைவு.

"சித்தி, அவர் ஆறு நாளா வரல. போன்ல மட்டும் பேசுறார். அதுவும் அத்தை இல்லாதப்ப."

"வருவான்ம்மா."

"நீங்களாவது நம்புறீங்களா? நாங்க மாத்தல சித்தி."

"நம்புறேன்."

"அப்ப அத்தைகிட்ட சொல்லுங்களேன். உங்க பேச்சக் கேட்பாங்க."

பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன். அவள் அம்மா வாசல் பக்கம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "அவங்கப்பா கடைகடையா ஏறி மாணிக்கம் விசாரிக்கிறாருங்க. கேட்டா, திருடின பேரோட பொண்ணு வாழ முடியாதுங்குறாரு. செய்யாத தப்புக்கு வாங்கிக் குடுத்துட்டா, செஞ்சோம்னு ஆயிடாதுங்களா?"

ஆகிவிடும். அந்த அம்மாவுக்குத் தெரிகிறது.

ஹீமோகுளோபின் 8.6. குறைவு. ரிப்போர்ட்டில் என் கையெழுத்து.

நவம்பர் 14, வெள்ளி

இவரிடம் சொல்லிவிட்டேன், சாப்பாட்டுக்கு நடுவில். கையை உதறிவிட்டு எழுந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "அக்கா செத்தாலும் இத மறக்காது" என்றார். பிறகு, "அந்தக் கடைசி வரிய மட்டும் கிழிச்சிடேன்" என்றார்.

யோசித்தேன். கிழித்தால் வரிக்கு மேலே ஒட்டினாற்போல் இருக்கும் படமும் போகும். மையால் அடித்தால் என்ன அடித்திருக்கிறாய் என்று அண்ணி கேட்பார். கிழித்த நோட்டைக் காட்டினால் அண்ணி ஏன் நம்ப வேண்டும்?

ரசம் ஆறிப்போனது.

நவம்பர் 15, சனி

வெயில். துணியெல்லாம் காய்ந்துவிட்டது. லேபுக்கு லீவு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி 11 மணிக்கு ஸ்ரீரங்கம். இவர் வரவில்லை. பையில் மோதிரம், கல் நோட்டு.

அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிரபு வீட்டில்தான் இருந்தான். வந்ததும் சொல்லிவிட வேண்டும், உட்கார்ந்தால் வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். இந்தக் கல் இரண்டு வருடம் முன்பே இப்படித்தான் இருந்தது, நான் பார்த்து எழுதியிருக்கிறேன், கவிதா வீட்டில் யாரும் மாற்றவில்லை, எனக்குத் தெரிந்தே சும்மா இருந்தேன்.

நோட்டைப் பிரபுதான் முதலில் வாங்கினான். தேதியைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். என் லென்ஸைக் கேட்டு வாங்கி வாசலில் நின்று மோதிரத்தைப் பார்த்தான். அதே எள் வரிசை, அதே கோணம். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அம்மா, நான் காட்டூர் போறேன்" என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அண்ணி தடுக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. உண்மையாகவே, ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். நோட்டை மடியில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நான் கல் பார்க்கும்போது நேரமும் வெளிச்சமும் குறிப்பது வழக்கம். வெளிச்சம் மாறினால் நிறம் மாறும், கல் சேர்க்கிற எல்லாரும் குறிப்பார்கள். அது பக்கத்தின் தலையில் இருக்கிறது: பகல் 11.20, வடக்கு ஜன்னல்.

கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார். "அண்ணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். மற்றவர்களுக்கு இதன் அருமை தெரியாது."

மோதிரத்தைக் கீரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மன்னிச்சிடுங்க அண்ணி என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். மறுபடி பக்கத்தின் மேலே விரலை வைத்துத் தேடினார்.

"அன்னைக்குப் பத்தே முக்காலுக்கு என்னை ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போனாங்க" என்றார். "பதினொன்னு இருபதுக்கு நான் வயித்தக் கிழிச்சுக் கிடந்தேன் சாந்தி."